இலை விரியும்வரை ஓர் அறை

படிக்கட்டின் வளைவில் தட்டு சுவரில் இடித்தது. மண் மங்குகள் ஒன்றோடொன்று மோதின. அவற்றிலிருந்த இலைகள் எல்லாம் ஒரே நேரத்தில் மூடிக்கொண்டன.

"போச்சு. கோவிச்சிக்கிச்சு," என்றார் ராமையா. தட்டின் கீழ்முனை அவர் கையில் இருந்தது. மேல்முனையைப் பிடித்திருந்த அவர் மனைவி துளசி, பேசாமல் தூக்குங்கள் என்றாள்.

அதுதான் கடைசித் தட்டு. மாடி அறையில் மற்ற மங்குகளை நேற்றே வரிசையாக வைத்துவிட்டிருந்தார்கள். ஈப்போ பழைய நகரத்தில் ஒரு கடைவீடு அது. கீழே முன்பு சைக்கிள் கடை இருந்தது. இப்போது கோலின் என்ற இளைஞன் அதைக் கலைக்கூடமாக நடத்துகிறான். சிலிபினில் துளசி வேலை செய்யும் பாலர் பள்ளியில்தான் அவன் மகள் படிக்கிறாள். பிள்ளைகளோடு உட்கார்ந்து துளசி களிமண்ணில் செய்து வைத்திருந்ததை ஒருநாள் பார்த்துவிட்டு, பெரிதாக ஏதாவது செய்யுங்கள் அக்கா, ஒரு மாதத்துக்கு அறை தருகிறேன் என்றான்.

அதே அறையை ஒரு புகைப்படக்காரரும் கேட்டிருந்தார். வியாழன் பிற்பகல் வந்து பார்ப்பேன், செடிகள் உயிரோடு இருக்க வேண்டும், வருகிறவர்கள் தொட்டுச் செய்ய ஏதாவது இருக்க வேண்டும், இருந்தால் அறை உங்களுக்கு என்று கோலின் சொல்லியிருந்தான். இன்று வியாழன்.

துளசிக்கு ஐம்பத்துமூன்று வயது. படிவம் மூன்றோடு படிப்பு நின்றது. எலெக்ட்ரானிக் தொழிற்சாலையில் ஷிப்டு வேலை, கல்யாணம், இரண்டு பையன்கள். பையன்கள் ஜொகூருக்குப் போன பிறகு பாலர் பள்ளி. எதையும் தனக்கென்று கேட்டுப் பழக்கமில்லாதவள். இந்த அறையைக் கேட்டாள்.

அவள் திட்டம் எளிமையானது. மங்கு என்பது ரப்பர் மரத்தில் பால் பிடிக்கக் கட்டுகிற கிண்ணம். அதே வடிவத்தில், சோற்றுச் சட்டி அளவுக்குப் பெரிதாக, களிமண்ணில் கையால் பிடித்து, தெரிந்தவர் ஒருவரின் சூளையில் சுட்டு எடுத்தாள். ஒவ்வொன்றிலும் நடுவில் ஒரு ரப்பர் கன்று. அதைச் சுற்றி தொட்டாற்சிணுங்கி. வரிசைகளின் கோடியில், பழைய சாக்கை மடித்து அவளே தைத்த இருக்கைகள். வருகிறவர் வரிசைகளுக்கு நடுவே இலைகளைத் தொட்டுக்கொண்டே நடக்க வேண்டும். எல்லாம் மூடிவிடும். பிறகு சாக்கில் உட்கார்ந்து அவை விரியும்வரை காத்திருக்க வேண்டும். ஒரு கோப்பி குடிக்கிற நேரம்.

"அப்புறம்?" என்று கேட்டிருந்தார் ராமையா.

"அப்புறம் எழுந்திரிச்சி போலாம்."

அவர் முப்பது வருடம் பேருந்து ஓட்டியவர். அவ்வளவு தூரம் வந்து எதையும் பார்க்காமல் போவதா என்று அவருக்குத் தோன்றியது. ஆனாலும் தண்டவாளத்து ஓரம் முழுக்க அலைந்து செடி தோண்டிக்கொண்டு வந்தவர் அவர்தான். பிடுங்கி நட்ட செடிகள் பல நாள் சுருண்டே கிடந்தன. போன வாரம்தான் ஒவ்வொன்றாக நிமிர்ந்து, தொட்டால் மூடவும் விட்டால் விரியவும் தொடங்கியிருந்தன.

சுங்காய்ப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் துளசியின் அம்மா மரம் சீவினாள். பள்ளி விடுமுறையில் ஆறு வயதுத் துளசியையும் அழைத்துக்கொண்டு போவாள். மர நிரையின் தொடக்கத்தில் சாக்கை விரித்து உட்கார வைப்பாள். எல்லா இலையையும் தொட்டு மூடு, அது விரிந்ததும் நான் வந்துவிடுவேன் என்று சொல்லிவிட்டுப் போவாள். துளசி மூடுவாள். இலை விரியும். அம்மா வந்திருக்க மாட்டாள். மறுபடியும் மூடுவாள். மரங்களுக்குள் வெளிச்சம் பச்சையாக இருக்கும். தூரத்தில் கத்தி மரத்தில் இழுபடும் சத்தம் கேட்கும். பிறகு அதுவும் கேட்காது. எத்தனையாவது தடவையிலோ அம்மா வாளியோடு வருவாள். பார்த்தியா, விரிஞ்சதும் வந்துட்டேன் என்பாள். அது பொய் என்று துளசிக்கு ஒருநாளும் தோன்றியதில்லை. இப்போது அந்த நிரைகள் இருந்த இடத்தில் செம்பனை நிற்கிறது. அம்மா இறந்து பதினோரு வருடம்.

அந்தச் சாக்கில் முதலில் உட்கார வேண்டியவள் தன் அக்கா இருளாயிதான் என்று துளசி முடிவு செய்திருந்தாள். அதனால் போனில் அதிகம் சொல்லவில்லை. ரப்பர் கன்று வைத்து ஒன்று செய்கிறேன், வந்து பார் அக்கா என்று மட்டும் சொன்னாள். இருளாயி துளசியைவிடப் பத்து வயது மூத்தவள். சுங்காயில் மகன் வீட்டில் இருக்கிறாள். காலைப் பேருந்தில் வந்து, மூச்சு வாங்க மாடி ஏறி, மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்திருந்தாள்.

கடைசித் தட்டை இறக்கி வைத்ததும் துளசி மணி பார்த்தாள். சாக்கு இருக்கைகள் சில இன்னும் வீட்டில் இருந்தன. போய் எடுத்துக்கொண்டு, வரும் வழியில் சாப்பாடும் பொட்டலமாகத் தாப்பாவ் செய்துகொண்டு வந்துவிடலாம் என்று இருவரும் கிளம்பினார்கள். இருளாயி, போய்ட்டு வாங்க, நான் எங்க ஓடவா போறேன் என்றாள்.

மழை பிடித்துக்கொண்டது. சாலையில் வேன் நகரவில்லை. அவர்கள் திரும்பி மாடி ஏறியபோது, இருளாயி கடைசி வரிசையின் கடைசி மங்குக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் செய்தித்தாளின் மேல் செடிகள் குவிந்து கிடந்தன. வேர்கள் அறுந்திருந்தன. மங்குகளில் ஒவ்வொரு ரப்பர் கன்றும் தனியாக, சுத்தமாக, நேராக நின்றது. கன்றைச் சுற்றி மண்ணை விரலால் அழுத்திக்கூட விட்டிருந்தாள்.

"கன்னு மூச்சு முட்டிக் கெடந்திச்சு புள்ள," என்றாள். "எம்புட்டு முள்ளு. எல்லாத்தையும் எடுத்துட்டேன். இனி உரம் வெச்சா ஜம்முனு வரும்."

துளசி சாப்பாட்டுப் பையைக் கீழே வைக்காமல் நின்றாள்.

"அண்ணி," என்றார் ராமையா மெதுவாக. "இங்க முள்ளுதான் சாமி. கன்னு சும்மா துணைக்கு."

இருளாயி அவரையும் தங்கையையும் மாறி மாறிப் பார்த்தாள். "களைய யாராச்சும் நட்டு வெப்பாங்களா தம்பி?"

பதின்மூன்று வயதில் அவள் தோட்டத்து நர்சரியில் வேலைக்குப் போனவள். கறுப்புப் பைகளில் ரப்பர் கன்றுகள் வரிசையாக இருக்கும். பெண்கள் ஆளுக்கொரு வரிசை பிடித்து, கன்று அசையாமல் களையை மட்டும் பிடுங்கிக்கொண்டே போக வேண்டும். பேச்சு பாட்டுக்குப் பேச்சு, கை பாட்டுக்குக் கை. கல்யாணமாகிப் போகும்வரை அந்த வேலைதான். இங்கேயும் முதலில் ஒன்றைத்தான் பிடுங்கினாளாம். பிறகு உட்கார்ந்திருக்க முடியவில்லையாம்.

அம்மா அன்று சொன்னதைத் துளசி சொன்னாள். சாக்கு, நிரை, இலை, எல்லாவற்றையும். இருளாயி விரல் நுனிகளைச் சேலையில் துடைத்துக்கொண்டே கேட்டாள். துணியில் சின்னச் சின்ன ரத்தப் பொட்டுகள் பட்டன.

"அம்மா அப்படியா சொன்னிச்சு," என்றாள். "எனக்குத் தெரியாது. நான் அப்பவே நர்சரியில."

ராமையா குவியலிலிருந்து வேர் ஓரளவு மிஞ்சிய செடிகளைப் பொறுக்கி மறுபடியும் நட ஆரம்பித்தார். அவை சாய்ந்து விழுந்தன. அவர் விடாமல் நட்டுக்கொண்டிருந்தபோது கோலின் வந்தான்.

நடந்ததைத் துளசியே சொன்னாள். அவன் காலணியைக் கழற்றிவிட்டு வரிசைகளுக்கு நடுவே நடந்தான். குவியலைப் பார்த்தான். இருளாயியின் விரல்களைப் பார்த்தான். படம் எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டு எடுத்துக்கொண்டான். பிறகு வாசலில் நின்று அறை முழுவதையும் ஒருமுறை பார்த்தான்.

"அக்கா, இதுதான் நல்லா இருக்கு," என்றான். "வர்றவங்களுக்கு ஆளுக்கொரு வரிசை குடுப்போம். உக்காந்து பிடுங்கட்டும். முள்ளு குத்தட்டும். ஒவ்வொரு வாரமும் புதுசா நட்டுரலாம்லா. ரூம் உங்களுக்குத்தான்."

"நான் வேணும்னா மண்டோரா வந்து நிக்கிறேன்," என்றாள் இருளாயி, தோட்டத்துக் கங்காணியின் குரலில். "எவனாச்சும் கன்னோட சேத்துப் பிடுங்கினா அன்னிக்குப் பேரு கெடையாது, கூலியும் கெடையாது."

கோலின் சிரித்தான். ராமையாவும் சிரித்தார். தலையைக்கூட ஆட்டினார். துளசி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் சொல்வது நல்ல யோசனைதான் என்று அவளுக்குத் தெரிந்தது. ஆட்கள் வருவார்கள். கையில் கீறலோடு போய் மற்றவர்களிடம் சொல்வார்கள். ஆனால் இந்த அறையில் யாரும் எதற்காகவும் காத்திருக்க மாட்டார்கள்.

"பிடுங்குறதுக்கு நான் வெக்கல கோலின்," என்றாள்.

கொஞ்ச நாள் கொடுத்தால் புதுச் செடி பிடித்துவிடும் என்று கேட்டுப் பார்த்தாள். திறப்பு நாள் அச்சாகிவிட்டது, புகைப்படக்காரர் பதிலுக்குக் காத்திருக்கிறார் என்றான் அவன். கோபமாகச் சொல்லவில்லை. இன்னொரு தடவை யோசிங்க அக்கா என்றும் சொன்னான்.

"அவருக்கே குடுத்துருங்க," என்றாள்.

பேருந்து நிலையத்தில் வேன் நின்றது. இறங்கும்போது இருளாயி கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"எனக்காகப் பாவம் பாத்து வேணாம்னியா?"

"இல்லக்கா."

"பாத்திருந்தா அது முட்டாத்தனம். அந்த வேலைய நான் ஒருநாளும் குறை சொன்னதில்ல. அங்கதான் நான் சிரிச்சதெல்லாம்."

துளசி குடையைக் கொடுத்தாள். இருளாயி அதை வாங்கிக்கொண்டு, விரிக்காமல், மழையில் நடந்து பேருந்தில் ஏறினாள்.

மறுநாள் துளசி வழக்கம்போல் பாலர் பள்ளிக்குப் போனாள். பிள்ளைகளுக்குக் காகிதத்தில் மீன் வெட்டச் சொல்லிக்கொடுத்தாள். கோலினின் மகள் காய்ச்சலென்று வரவில்லை. அறைச் சாவியைப் புகைப்படக்காரரிடம் கொடுத்துவிட்டதாக அவன் பத்து மணிக்குச் செய்தி அனுப்பினான். ராமையா வேனில் போய் மங்குகளை ஏற்றிக்கொண்டு வந்து, வீட்டுப் பின்பக்கம் துணிக்கொடிக்குக் கீழே அடுக்கினார். இரண்டு உடைந்திருந்தன. மத்தியானம் இருளாயி போன் செய்தாள். கட்டைவிரல் வீங்கிவிட்டதாகவும், கிளினிக்கில் மாத்திரை கொடுத்ததாகவும் சொன்னாள். மாலையில் ரப்பர் கன்றுகளை யாருக்குக் கொடுப்பது என்று கணவனும் மனைவியும் பேசினார்கள். பக்கத்து வீட்டில் கேட்டுப் பார்த்தார்கள். அவர்களுக்கு இடமில்லை.