கச்சிமுகம்மதுவுக்குப் போட்ட கதிரை

சுல்பிகாவைப் பற்றிச் சொல்லப்போனால் கச்சிமுகம்மதுவிலிருந்துதான் தொடங்க வேண்டும். கச்சிமுகம்மது பிறக்காத மனிதர். ஆனாலும் கல்முனையில் பிறந்து வளர்ந்த பலரைவிட அவருக்கு மரியாதை அதிகம்.

நான் கல்முனையில் ஓர் அச்சகத்தில் தாள் வெட்டுகிறவன். சுல்பிகா மருதமுனையிலிருந்து பஸ்ஸில் வந்து அங்கே கணினியில் பக்கம் கட்டுகிறவள். பதினெட்டு வருடமாக அதே நாற்காலி, அதே கணினி. ஊரின் மூன்று வாரப் பத்திரிகைகளும் ஒன்றையொன்று கடித்துக் குதறினாலும், அச்சாவது எங்களிடம்தான். 'கிழக்கு மடல்' ஓய்வுபெற்ற அதிபர் மீராசாஹிபு சேருடையது. 'கரையோரம்' ஹாட்வெயார் கடை றாஸிக் ஹாஜியாருடையது. 'உதயவாசல்' புடவைக்கடை பக்கீர் முகைதீன் காக்காவுடையது. ஒருவரை ஒருவர் திட்டி எழுதுவதைக்கூடப் பிழை திருத்திக் கொடுத்தவள் சுல்பிகா. அவள் சம்பளமும் அந்த மூவரின் பங்குதான்.

மூவருக்கும் ஒரு நோய் பொதுவாக இருந்தது. செய்தியைப் பாதி அனுப்பிவிட்டு ஃபோனை எடுக்கமாட்டார்கள். மெஷின் காத்திருக்கும். கடைசிப் பக்கத்தில் நான்கு விரல் இடம் வெறுமையாகக் கிடக்கும். ஒரு நாள் பொறுக்கமாட்டாமல் சுல்பிகா அந்த இடத்தில் தானே ஒரு வாசகர் கடிதம் எழுதிப் போட்டாள், சந்தைக்கு முன்னால் நாறுகிற வடிகானைப் பற்றி. எழுதியவர் பெயர் வேண்டுமே? கச்சிமுகம்மது என்று, உம்மாவின் வாப்பா பெயரைப் போட்டாள். ஆட்சேபிக்க அவர் உயிரோடு இல்லை.

அதற்குப் பிறகு மூன்று பத்திரிகையிலும் எங்கே இடம் மிஞ்சினாலும் கச்சிமுகம்மது வந்து குந்திக்கொண்டார். வர வர அவருக்கு முழங்கால் வலி வந்தது, கோபம் வந்தது, மூன்று பெண் பிள்ளைகளும் வந்தார்கள். சீமெந்து இந்த விலை விற்றால் மூன்றாவது மகளுக்கு எப்படி வீடு கட்டிக் கலியாணம் பேசுவது என்று அவர் எழுதியதை வாசித்து றாஸிக் ஹாஜியார் கண்கலங்கினார். "அந்த மனிசன் வந்தா பத்து மூட சீமெந்து சும்மா குடுக்கிறன் எண்டு செல்லுங்க" என்று ஆளனுப்பினார். யாரும் வரவில்லை. ரோசக்கார மனிதன் என்று மெச்சிக்கொண்டார்.

கடிதங்கள் அச்சக விலாசத்துக்குத் தபாலில் வருவதாகத்தான் மூவரும் நினைத்தார்கள். உண்மை தெரிந்தவன் நான் ஒருவன். நான் ஏன் சொல்ல வேண்டும்? மூன்று பத்திரிகையிலும் வாசிக்கத் தகுந்தது அது ஒன்றுதான்.

பிறகு தாள் விலை ஏறியது. வாசகர்கள் ஃபோனுக்குள் குடிபோனார்கள். வேறு வழியில்லாமல் மூவரும் சேர்ந்து, ஃபோனில் வாசிக்க மூன்று பத்திரிகைக்கும் ஒரே செயலி என்று முடிவெடுத்தார்கள். அதைச் செய்துகொடுக்கப் பாண்டிருப்பிலிருந்து சுதன் வந்தார். உடன்பாடு எழுதிய நாள் அச்சகத்தில் மூவரும் ஒரே சஹன் தட்டைச் சுற்றிப் புரியாணிக்கு உட்கார்ந்தார்கள். பத்து வருடம் முகம் பாராதவர்களின் கைகள் ஒரே தட்டில். அவரவர் பக்கத்துச் சோறு முடிந்ததும் நடுவில் கிடந்த கோழிக்காலை மூவரும் பார்த்தார்கள், ஒருவரும் தொடவில்லை. கடைசியில் அதைத் தின்றவன் நான்.

ஆசிரியர் பதவியும் அந்தக் கோழிக்கால் மாதிரியே கிடந்தது.

"ஒரு செயலிக்கு ஒரு பொறுப்பாசிரியர்தான் ஐயா. ஒரு பேர், ஒரு படம். அவர்ர கையாலதான் எல்லாம் போகணும்" என்று சுதன் சொல்லிவிட்டார். இரண்டு வெள்ளிக்கிழமை இதிலேயே போனது. மூன்றாம் வெள்ளி பக்கீர் முகைதீன் காக்கா வாய் திறந்தார்.

"நம்ம மூணு பேரும் வேணாம். நடுநிலையான மனிசன் ஒராள் இரிக்காரு. கச்சிமுகம்மது காக்கா."

"அவரா? தங்கமான மனிசன்!" என்றார் மீராசாஹிபு சேர். "போன ஹஜ்ஜுப் பெருநாளைக்கி அவர்ர வீட்டதான் எனக்குப் பகல் சாப்பாடு. அந்த இறைச்சிக் கறி இன்னும் கையில மணக்குது."

"என்ட பொஞ்சாதிக்குச் சாச்சா முறை" என்றார் ஹாஜியார்.

"சாரன் எடுக்கிறது நம்மட கடையிலதான். நல்ல உசரம்" என்றார் பக்கீர் முகைதீன் காக்கா.

தன் உயிர் வாசகனைத் தெரியாது என்று சொல்ல மூவருக்கும் வெட்கம். நான் வெட்டும் மெஷினை நிறுத்திவிட்டேன். சிரித்தால் விரல் போய்விடும்.

ஹாஜியார் சுல்பிகாவின் பக்கம் திரும்பினார். "புள்ள, ஃபோனுக்குப் பக்கம் கட்டத் தேவல்லயாம். இந்த மாசத்தோட நீங்க வேலய விட்டு நிண்டுக்கங்க. அதுக்கு முதல் கச்சிமுகம்மது காக்காக்கு நியமனக் கடிதம் ஒண்டு அடிச்சி அனுப்புங்க."

அவள் அடித்தாள். 'தங்களின் பக்கச்சார்பற்ற பேனாவைக் கருதி' என்று, தன் வேலையைப் பறிக்கிற ஆளுக்குத் தன் கையாலேயே அடித்தாள். அந்த ஆளும் அவள்தான். எனக்கு அப்போது சிரிப்பு வரவில்லை. வள்ளத்தில் விழுந்து இடுப்பு அடிபட்டுக் கிடக்கிற கணவர், படிக்கிற இரண்டு பெண் பிள்ளைகள். அவள் வீட்டு அடுப்பு எரிந்தது இந்த வேலையில்தான்.

"காக்கா, இப்ப நான் என்ன செய்ற?" என்று என்னிடம் கேட்டாள். நான் அவளுக்கு அண்ணன் மாதிரி.

"மவுத்தாக்கிப் போடு. ஒரு ஜனாஸா அறிவித்தல், அவ்வளவுதான்."

"எங்க அடக்குற? மூணு பேரும் முன்னுக்கு நிண்டு மண் போட வருவாங்களே."

"அப்ப கத்தாருக்கு அனுப்பு."

"வீடியோவில கூப்பிடுவாங்க."

பிறக்காத மனிதரை வழியனுப்புவது இவ்வளவு கஷ்டமென்று எனக்குத் தெரியாது.

பதவி ஏற்கும் நாள் வந்தது. அச்சகத்தின் நடுவில் வெள்ளைத் துணி விரித்து ஒரு கதிரை. சுதன் படம் எடுக்க ஃபோனோடு நின்றார். மூவரும் வாசலைப் பார்த்தபடி இருந்தார்கள். சுல்பிகா கணினியை நிறுத்தினாள், எழும்பி வந்தாள், அந்தக் கதிரையில் உட்கார்ந்தாள்.

"புள்ள, அது கச்சிமுகம்மது காக்காட கதிர" என்றார் ஹாஜியார்.

"ஓம் ஹாஜியார். அதாலதான் இரிந்தன். மிஞ்சின இடத்த நிரப்ப அந்தக் கடிதமெல்லாம் நான் எழுதினது."

முதலில் மூவரும் சிரித்தார்கள். பிறகு மீராசாஹிபு சேருக்குக் கோபம் வந்தது. "என்ன கத கதைக்கிறீங்க? ஹஜ்ஜுப் பெருநாளைக்கி நான் அந்த மனிசன்ட வீட்ட இறைச்சி திண்டிரிக்கன்!"

"அண்டைக்கி நான் இறைச்சி ஆக்கல்ல சேர்" என்றாள் சுல்பிகா. "பிந்திப் போன உங்கட பெருநாள் மலருக்குப் பக்கம் கட்டிட்டு இந்தக் கதவுக்குள்ளதான் இரிந்தன்."

பக்கீர் முகைதீன் காக்கா விடவில்லை. அப்படியென்றால் இப்போதே ஒரு கடிதம் எழுதிக் காட்டச் சொன்னார். அவள் சுதனின் ஃபோனை வாங்கித் தட்டினாள். சுதன் உரக்க வாசித்தார்:

'ஆசிரியர் அவர்களுக்கு, இன்று மூன்று பெரிய மனிதர்கள் என்னை வரவேற்க நின்றார்கள். மூவருக்கும் என்னை நன்றாகத் தெரியுமாம். எனக்குத்தான் அவர்களைத் தெரியவில்லை, முழங்கால் வலியில் மறந்திருப்பேன். கதிரையில் ஒரு பெண் உட்கார்ந்ததும் அதன் கால் உடைந்ததுபோல் முழித்தார்கள். கதிரைக்கு ஒன்றும் ஆகவில்லை. இப்படிக்கு, கச்சிமுகம்மது.'

அவரேதான். இத்தனை வருடம் வாசித்த குரல். மறுக்க முடியவில்லை. அவளைப் பொய்க்காரி என்று வெளியே சொன்னால் இறைச்சிக் கறியும் சாச்சா முறையும் சாரனும் சேர்ந்து வெளியே வரும்.

"அப்ப அந்தப் பத்து மூட சீமெந்து?" என்றார் ஹாஜியார் மெதுவாக.

"எனக்குத் தாங்க. எனக்கும் ரெண்டு பொம்புளப் புள்ளையள் இரிக்கி. வீடு கட்டணும்."

சுதன் படம் எடுத்தார். பொறுப்பாசிரியர், சுல்பிகா.

மறுநாள் காலை மீராசாஹிபு சேர் தனியாக வந்தார். பர்ஸிலிருந்து ஒரு பழைய பத்திரிகைத் துண்டை எடுத்து அவள் முன்னால் வைத்தார். ஒலுவிலில் கடல் தின்ற தென்னந்தோப்பை அவர் காலால் அளந்து நடந்து எழுதிய கட்டுரையைப் பாராட்டி, கச்சிமுகம்மது எழுதிய கடிதம். அவரை வாழ்க்கையில் ஒருவர் பாராட்டியது அந்த ஒரு முறைதான் போலிருக்கிறது.

"புள்ள, இதுவும் இடம் நிரப்பத்தானா?"

அவள் வாசித்துப் பார்த்தாள். "இல்ல சேர். அந்தக் கிழம பக்கத்தில இடமே இல்ல. ஒரு விளம்பரத்தத் தூக்கிட்டுத்தான் இதப் போட்டன்."

"யார்ர விளம்பரம்?"

"உங்கட மச்சான்ட பேக்கரி."

"யா அல்லாஹ்! அவன் ஒரு மாசமா என்னோட கதைக்காமத் திரிஞ்சது அதுக்கா?"

"ஓம் சேர்."

அவர் துண்டை மடித்து, திரும்பவும் பர்ஸுக்குள் வைத்துக்கொண்டார்.