அக்குளில் பச்சைத் துண்டு

மச்சான் என் பூனையைச் சாக்கில் கட்டி அனுப்பிய வருஷம், நோன்பு நல்ல கோடையில் வந்தது. மச்சான் என்பவர் என் லாத்தாவின், அதாவது அக்காவின், கணவர். கொழும்பில் கடை வைத்திருந்தார். பெருநாளுக்கு இரண்டு மாதம் முன்பே ஊருக்கு வந்துவிட்டார். எங்கள் வீட்டுக்கும் லாத்தா வீட்டுக்கும் கொல்லை ஒன்றுதான், கிணறும் ஒன்றுதான்.

கொல்லையில் நான் கத்தரியும் வெண்டையும் போட்டிருந்தேன். ஒரு மூலையில் பீர்க்கம் பந்தல். மண்ணும் உப்பு, கிணற்றுத் தண்ணீரும் கரிக்கும். குளிக்கிற தண்ணீர், தொழுகைக்கு முன் கை கால் கழுவி உளுச் செய்கிற தண்ணீர் எல்லாவற்றையும் வாய்க்கால் வெட்டிச் செடிக்குத் திருப்பி, மீன் கழிவை எருவாகப் புதைத்துத்தான் காய் பார்த்தேன். அந்த வாசத்துக்கு எலி வரும். எலிக்காகப் பூனை. வெள்ளையில் சாம்பல் திட்டுப் போட்ட பெட்டை. வலது காதின் நுனி பிளந்திருக்கும். விடிந்ததும் பந்தலடியில் ஒரு சுற்று வந்துவிட்டு, என் தையல் மெஷினுக்குக் கீழே வெட்டுத்துணிக் கூடையில் படுத்துக்கொள்ளும். அந்தக் கூடையில்தான் மூன்று குட்டி போட்டது.

மச்சான் பொழுது போகாமல் கோழி வளர்த்தார். குஞ்சுகள் என் கத்தரி நாற்றைக் கிளறித் தள்ளின. நான் ஒன்றும் சொல்லவில்லை. எனக்குச் சிறு வயதிலிருந்தே பேச்சு அதிகம் வராது. அளவெடுக்கும்போதுகூட, கையைத் தூக்குங்கள் என்று சொல்லாமல் என் கையைத் தூக்கிக் காட்டுவேன். எதிரில் நிற்பவரும் தூக்குவார். பிறகு குஞ்சுகள் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின.

ஒரு நாள் காலை கூடையில் குட்டிகள் மட்டும் கத்திக்கொண்டிருந்தன. கொல்லையெல்லாம் தேடினேன். மச்சான் கிணற்றடியில் கால் கழுவிக்கொண்டிருந்தார்.

“என்ன மாப்ள, தேடுறீகளா? ஒங்க பூனை தேவிபட்டினம் போயிருச்சு. கருவாட்டு வண்டியில ஏத்தி விட்டேன். அங்கன மீனாத் திங்கட்டும், எங்கோழிக்குஞ்சு எதுக்கு?”

“குட்டி இருக்கு மச்சான்,” என்றேன். அவ்வளவுதான் வந்தது.

“அதுகளையும் ஏத்தி விடவா?” என்று சிரித்தார்.

என் மனைவி அடுப்படியில் நின்று எல்லாவற்றையும் கேட்டிருந்தாள். “ஒரு வார்த்தை கேட்டா என்ன கொறஞ்சு போகும்?”

“லாத்தா வீட்டு ஆளு. பெருநா முடிஞ்சாப் போறவுக.”

“அப்ப வாயையும் மெஷின்ல வச்சுத் தச்சுக்கங்க.”

பஞ்சுத் திரியை ஆட்டுப்பாலில் நனைத்து அவளும் நானும் முறை வைத்துக் குட்டிகளின் வாயில் வைத்தோம். இரண்டு சப்பின. ஒன்று சப்பவில்லை. நாலாம் நாள் அது விறைத்துக் கிடந்தது. கத்தரிப் பாத்தியில் புதைத்தேன். மண்ணைத் தள்ளும்போது மச்சானின் சிரிப்பு காதில் கேட்டது. நோன்பு வைத்துக்கொண்டு கோபப்படக் கூடாது என்று தெரியும். அதனால் கோபத்தைக் காட்டாமல் உள்ளேயே வைத்துக்கொண்டேன். அங்கே அது நன்றாக வளர்ந்தது.

இரண்டு நாள் கழித்து, நடுப்பகல் லுஹர் தொழுதுவிட்டு வந்தவன் பீர்க்கம் பந்தலடியில் ஒரு கீரியைப் பார்த்தேன். பாய்ந்து கடைசிக் குஞ்சைக் கவ்வியது. நான் கை தட்டியிருந்தால் போட்டுவிட்டு ஓடியிருக்கும். தட்டவில்லை. அது வேலி தாண்டும்வரை நின்று பார்த்துவிட்டு வந்து மெஷினில் உட்கார்ந்தேன்.

அந்த வாரம் மச்சான் கொழும்பிலிருந்து கொண்டுவந்த வெள்ளைப் பாப்லினோடு வந்தார். தெரு முழுக்கப் பெருநாள் துணி என் வீட்டில்தான் குவிந்திருந்தது.

“மாப்ள, ஜிப்பா. பெருநாத் தொழுகையில நாலு பேரு திரும்பிப் பாக்கணும்.”

“பாப்பாக மச்சான்,” என்றேன்.

என் கையைத் தூக்கிக் காட்டினேன். அவர் தூக்கினார். அளவெடுத்தேன்.

ஜிப்பாவில் கையும் உடம்பும் சேருகிற அக்குளில் ஒரு சதுரத் துண்டு வைத்துத் தைப்போம். வெளியே தெரியாத துண்டு. கையைத் தூக்கினால் துணி இழுபடாமல் அதுதான் விட்டுக் கொடுக்கும். தொழுகிற ஆளுக்குத் தைக்கிறவன் அதை மறக்கவே மாட்டான். நான் மறக்கவில்லை, வைக்காமல் விட்டேன். மார்பில் ஒரு விரலும் கையில் ஒரு விரலும் குறைத்தேன். அந்த மூட்டுகளை மட்டும் எட்ட எட்டத் தையல் விழும்படி ஓட்டினேன். நோன்போடு ஒருவருக்குக் கெடுதல் செய்ய மனம் ஒப்பவில்லை. ஆகவே அந்த ஜிப்பாவை மட்டும் தினமும் நோன்பு திறந்து கஞ்சி குடித்த பிறகே கையில் எடுத்தேன்.

பெருநாள் காலையில் மச்சான் அத்தர் மணக்கப் பள்ளிவாசலுக்கு வந்தார். “கொஞ்சம் பிடிக்குது மாப்ள,” என்றார்.

“புதுசு மச்சான்.”

அவர் முதல் வரிசையில் நின்றார். நான் அவருக்கு நேர் பின்னால் இரண்டாம் வரிசையில் நின்றேன். பெருநாள் தொழுகையில் எங்களுக்கு முதல் ரக்அத்தில் கூடுதலாக ஏழு தக்பீர். ஒவ்வொரு முறை ‘அல்லாஹு அக்பர்’ சொல்லும்போதும் இரண்டு கையையும் உயர்த்த வேண்டும். அந்த ஏழுக்காகத்தான் நான் காத்திருந்தேன். முதலாவதில் ஒன்றுமில்லை. இரண்டாவதில் தையல் முறுக்கியது. மூன்றாவதில் இடது பக்கம் ‘டர்ர்’ என்றது. ஊரே அமைதியாக நிற்கிற இடத்தில் அந்தச் சத்தம் கடைசி வரிசைவரை போயிருக்கும். மச்சான் நாலாவதற்குக் கையைப் பாதிதான் தூக்கினார். நான் முழுதாகத் தூக்கினேன். அன்று நான் தொழுதது என்ன தொழுகை என்று கேட்டால், அதற்கான பதிலை நான் தனியாகச் சொல்லிக்கொள்வேன்.

தொழுகை முடிந்ததும் ஒருவரையொருவர் கட்டித் தழுவுவது வழக்கம். மச்சான் இடது கையை விலாவோடு ஒட்டிக்கொண்டு நழுவப் பார்த்தார். நான் எதிரே போய் நின்றேன். பத்துப் பேர் பார்க்க எப்படி மாட்டேன் என்பார்? இறுக்கித் தழுவினேன்.

“மெல்ல, மாப்ள,” என்றார். வலது பக்கமும் போயிற்று.

வீட்டுக்கு வந்ததும் ஜிப்பாவைச் சுருட்டிக்கொண்டு வந்தார். பின்னால் லாத்தா.

“மானத்தை வாங்கிட்டீக மாப்ள. தச்சுக் கொடுங்க, வர்ற வெள்ளிக்கெழம ஜும்ஆவுக்குப் போட்டுட்டு அடுத்த நா கப்பலேறணும்.”

“பூனை வரட்டும். தச்சுத் தாரேன்.” எனக்கே என் குரல் புதிதாக இருந்தது. “குஞ்சத் தூக்குனது கீரி. நான் பாத்தேன்.”

“பாத்துட்டா சும்மா இருந்தீக?”

“ஆமா.”

லாத்தா கேட்டாள்: “ஏன்டா, ஒனக்கு மச்சான் அளவு தெரியாதா?”

“தெரியும் லாத்தா.”

என்னைப் பார்த்தாள். கூடையில் இருந்த இரண்டு குட்டிகளைப் பார்த்தாள். பிறகு அவர் பக்கம் திரும்பி, “தேவிபட்டினத்துக்கு பஸ் எப்பன்னு கேட்டுக்கங்க,” என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

மறுநாள் ஒரு பூனையைக் கொண்டுவந்தார். வெள்ளையில் சாம்பல் திட்டு. காதைப் பார்த்தேன். “இது இல்ல மச்சான்.” அதே சாக்கோடு மறுபடி பஸ் ஏறினார். இரண்டு நாள் கழித்து முழங்கைவரை கீறலும் உடம்பெல்லாம் கருவாட்டு நாற்றமுமாக வந்து சாக்கை அவிழ்த்தார். என் பூனை எலும்பும் தோலுமாகக் குதித்தது. நேரே கூடைக்குப் போயிற்று. இரண்டையும் நக்கியது. பிறகு துணிகளைக் கிளறி மூன்றாவதைத் தேடியது. அன்று மாலைவரை மெஷினடியிலும் அடுப்படியிலும் கொல்லையிலும் கத்திக்கொண்டு அலைந்தது. கோபம் ஆறிவிட்டதோ என்று அதுவரை எனக்கே ஒரு சந்தேகம் இருந்தது. அது அலைந்ததைப் பார்த்ததும் அந்தச் சந்தேகம் போயிற்று.

ஜிப்பாவைப் பிரித்து அக்குளில் சதுரத் துண்டு வைத்தேன். இந்த முறை தையலை நெருக்கமாக ஓட்டினேன். எத்தனை வருஷமானாலும் விடாது. துண்டுகள் நல்ல பச்சை.

“வெள்ளை இல்லையா மாப்ள?” என்று கை உயர்த்திப் பார்த்துக் கேட்டார்.

“இல்ல மச்சான்.”

ஜும்ஆவுக்கு அதைத்தான் போட்டார். கையை உயர்த்தியபோது பச்சை தெரிந்தது. அவருடைய பாப்லினில் முக்கால் கஜம் என்னிடம் மிச்சம் இருந்தது. அதை நாலாக மடித்துத் தைத்துக் கூடைக்குள் விரித்தேன். பூனை அதன் மேல் படுத்திருந்தது.