பச்சைப் பொட்டலம் வைத்த பெட்டி

தைபேயின் கணினிச் சந்தையில், மூன்றாம் மாடிக் கடை ஒன்றின் வெள்ளைப் பலகை முன்னால் எப்போதும் நாலைந்து பேர் நின்று செல்போனில் படம் பிடித்துக்கொண்டிருப்பார்கள். அந்தப் பலகையை எழுதுகிறவள் ஃபாங் பெய்லிங். இடப்பக்கம் பழைய கிராபிக்ஸ் கார்டு, வலப்பக்கம் புதியது. நினைவகம் எவ்வளவு, நினைவகப் பாதை எவ்வளவு அகலம், மின்சாரம் எவ்வளவு குடிக்கும், ஒரே விளையாட்டின் ஒரே காட்சியை இரண்டும் எப்படி ஓட்டின என்று வரிசையாக இருக்கும். பெட்டியில் அச்சடித்ததை அவள் அப்படியே எடுத்து எழுதுவதில்லை. ஒரே கணினியில் இரண்டையும் மாற்றி மாற்றிச் செருகிப் பார்த்த பிறகுதான் பேனாவைத் தொடுவாள்.

"பெட்டியில போட்டிருக்கறது கல்யாண போட்டோ மாதிரிப்பா. அதுல யார் முகத்துலயாவது மரு இருந்து பாத்திருக்கியா?" என்பாள்.

இளம் வயதில் தாவ்யுவானில் ஒரு தொழிற்சாலையில் இதே கார்டுகளைப் பூதக்கண்ணாடியில் பார்த்துக் குறை கண்டுபிடிப்பதுதான் அவளுக்கு வேலை. தொழிற்சாலை கடல் தாண்டிச் சீனப் பெருநிலத்துக்குப் போனது. மேற்பார்வையாளனாக இருந்த கணவனும் அதனோடு போனான். முதலில் வாரம் தவறாமல் போன் வந்தது. பிறகு விவாகரத்துப் பத்திரத்தோடு வக்கீலின் ஆள் வந்தான். அதற்கப்புறம் பெய்லிங் சந்தைக்கு வந்தாள். முதலாளி சாய் அவளை வேலைக்கு வைத்தது கையெழுத்து நன்றாக இருந்ததற்காக.

முதலாளிக்கு ஒரே ஒரு சட்டம். கடையில் இருக்கும் சரக்கைப் பற்றி வாடிக்கையாளரிடம் குறை பேசக்கூடாது. பலகையில் எண்களை எழுதலாம், வாய் திறக்கக்கூடாது. பெய்லிங் அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தாள். இந்த ஊரில் வங்கியானாலும் ஆஸ்பத்திரியானாலும், ஓடுகிற இயந்திரத்தின் தலையில் பச்சை நிறத் தேங்காய்ப் பொரிப் பொட்டலம் ஒன்று உட்கார்ந்திருக்கும். அந்தப் பொரியின் பெயருக்கே 'சமர்த்து' என்று அர்த்தம்; வைத்தால் இயந்திரமும் சமர்த்தாக நடந்துகொள்ளும் என்பது நம்பிக்கை. நிறம் பச்சையாகவே இருக்க வேண்டும், காலாவதி ஆகக்கூடாது, எடுத்துத் தின்னவே கூடாது. தான் சோதித்து மனசு ஒப்பிய கார்டின் பெட்டிமேல் மட்டும் பெய்லிங் ஒரு பொட்டலம் வைப்பாள். ஒப்பாததன்மேல் வைக்கமாட்டாள். பழகிய வாடிக்கையாளர்களுக்கு இது தெரியும்.

அதை ஹௌவிடம் அவளேதான் சொன்னாள். ஹௌ கார்டு கம்பெனியின் விற்பனை ஆள். போன வருஷம் சோற்றுப் பெட்டியும் அவித்த முட்டையுமாகக் கடையில் உட்கார்ந்திருந்தபோது கேட்டான்.

"அக்கா, ஒரு போஸ்டர் கூட ஒட்டல. இந்தக் கார்டு மட்டும் எப்படி இப்படிப் பறக்குது?"

அவளுக்குக் கொஞ்சம் பெருமை. "என் பொட்டலம் இருக்கே!"

"அட, அவ்ளோதானா?" என்று அவன் சிரித்தான்.

இந்த வருஷம் புது கார்டு இறங்கியது. பெய்லிங் இரண்டையும் ஓட்டிப் பார்த்தாள். புதியது மின்சாரம் குறைவாகக் குடித்தது, இரண்டு படங்களுக்கு நடுவே இல்லாத படத்தைத் தானே கற்பனை செய்து சேர்த்தது. விளையாடுகிறவனுக்குப் போதும். ஆனால் பழையதில் பன்னிரண்டு ஜி.பி. இருந்த நினைவகம் புதியதில் எட்டு. நூற்றுத் தொண்ணூற்றிரண்டு பிட்டாக இருந்த பாதை நூற்று இருபத்தெட்டு. தொட்டியும் சிறுத்து, குழாயும் சிறுத்திருந்தது. அப்படியே எழுதினாள்.

ஹௌ வந்து பலகையைப் பார்த்துவிட்டு முதலாளியை ஓரமாக அழைத்துப்போனான். திரும்பி வந்த சாய் துடைப்பானை நீட்டினார்.

"அந்த நினைவகம், பாதை ரெண்டு வரியும் எடுத்துடு பெய்லிங்."

"எடுத்தா புதுசு எல்லாத்துலயும் ஜெயிச்ச மாதிரி ஆயிடுமே மொதலாளி?"

"ஆகட்டுமே. அடுத்த சரக்கு அவன்தானே அனுப்பணும்?"

துடைத்தாள். வாடகை வீட்டில் இருப்பவள். ஐம்பத்தொரு வயதில் இந்தச் சந்தையில் வேறு யார் வேலை கொடுப்பார்கள்? பொட்டலம் இருக்கிறதே என்று தன்னைத் தேற்றிக்கொண்டாள்.

மறுநாள் தெங் வென்ஃபூ போன் செய்தார். கல்யாண வீடியோ எடிட் செய்கிறவர், இவள் பலகையைப் பார்க்காமல் ஒரு கம்பிகூட வாங்காதவர். அவருடைய கார்டு செத்துவிட்டது, கையில் நாலு கல்யாணம் பாக்கி. பெரிய வீடியோக்களைக் கோத்து ஓட்டுகிறவருக்கு எட்டு ஜி.பி. காணாது. பழைய கார்டு கடையில் ஒன்றே ஒன்று மிஞ்சியிருந்தது.

சாய் பக்கத்திலேயே நின்றார். "எப்பவும் போல பாத்து எடுங்க அண்ணா," என்றாள் பெய்லிங்.

"புரிஞ்சுது ஆலிங்," என்றார் தெங், அவளை எப்போதும் கூப்பிடும் செல்லப்பெயரில்.

அந்தக் கடைசிப் பழைய கார்டின் பெட்டியைக் கண்ணில் படும்படி முன்னால் வைத்து, மேலே பச்சைப் பொட்டலத்தை வைத்தாள். மத்தியானம் கிடங்குக்குச் சரக்கு எடுக்கப் போனாள்.

திரும்பி வந்தபோது கடை பச்சையாக இருந்தது. ஹௌ அட்டைப்பெட்டி கணக்கில் பொட்டலங்களைக் கொண்டுவந்து இறக்கியிருந்தான். புது கார்டுப் பெட்டி ஒவ்வொன்றின் தலையிலும் ஒன்று. மேலே பதாகை: 'வாங்கினால் பொட்டலம் இலவசம்.'

"எல்லாம் உங்க ஐடியாதான் அக்கா!" என்றான் ஹௌ. அவன் கிண்டல் செய்யவில்லை, மனதாரத்தான் சொன்னான்.

"தெங் அண்ணன் வந்தாரா?"

"தலையில தொப்பி போட்டவரா? வந்தாரே. பொட்டலம் இருக்கறதெல்லாம் நல்லதான்னு கேட்டாரு. எல்லாமே நல்லதுதான் சார்னேன். பொட்டலம் இருக்கறதுல எது புதுசோ அதைக் குடுன்னு வாங்கிட்டுப் போனாரு."

பெய்லிங் உடனே போன் செய்தாள். தெங் பெட்டியைப் பிரித்து, கார்டைச் செருகிவிட்டிருந்தார். முதலாளியிடம் போய் நின்றாள்.

"டேப் வெட்டியாச்சுன்னா அது பழசு. மாத்தித் தர நான் என்ன கோயிலா கட்டியிருக்கேன்?" என்றார் சாய். கடைசிப் பழைய கார்டையும் சாயங்காலத்துக்குள் ஒரு மாணவன் வாங்கிக்கொண்டு போனான்.

அடுத்த வாரம் தெங் நேரிலேயே வந்தார். சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் பெய்லிங்குக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

"நடு வீடியோவுல நின்னுடுது ஆலிங். நினைவகம் பத்தலைன்னு சொல்லுது. ஒரு கல்யாணக்காரங்க வேற ஆள்கிட்ட போயிட்டாங்க."

"நான் கிடங்குல இருந்தேன் அண்ணா. அந்தப் பொட்டலம் நான் வெச்சது இல்ல."

"உன் பலகையிலயும் ஒண்ணும் போடலையே."

சாய் கல்லாவிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"திட்ட வரல. இனிமே எதைப் பாத்து வாங்கறதுன்னு கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன்," என்றார் தெங். அவள் கல்லாப் பக்கம் பார்த்தாள். அவர் தொப்பியைச் சரிசெய்துகொண்டு நகரும் படிக்கட்டில் இறங்கிப்போனார்.

பலகை முன்னால் இரண்டு பையன்கள் படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். பெய்லிங் சோதனைக் கணினியின் தலையில் வருஷக்கணக்காக மாற்றி மாற்றி வைத்துவந்த பொட்டலத்தை எடுத்தாள். கிழித்தாள். நின்றபடியே தின்ன ஆரம்பித்தாள்.

"ஏய், அதைத் திங்கறியா? மெஷின் படுத்துடும்!" என்று சாய் அலறினார்.

அவள் மென்றுகொண்டே திரையைப் பார்த்தாள். கணினி நிற்கவில்லை. வழக்கம்போலச் சமர்த்தாக ஓடிக்கொண்டிருந்தது.