படிக்கு அடியில் ஒரு பெட்டி

பத்தொன்பது அடிப் பாய்மரப் படகில் காலையில் ஏறி மறுநாள் சாயங்காலம் இறங்கும்வரை ஒரு பெண் எங்கே போவாள்?

படகுச் சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் நர்ஸம்மா எழுந்து நின்று இதைக் கேட்டபோது, முப்பது ஆண்கள் ஒரே சமயத்தில் தங்கள் தேநீர்க் கோப்பைக்குள் எதையோ தேடினார்கள். அன்றைக்கு எனக்கும் பதில் தெரியவில்லை. பதில் கிடைக்க ஐந்து வாரம் ஆனது. அதற்குள் ஒரு நல்ல தேக்குப் பலகை பிளந்தது. ஒரு பெரிய மனிதரின் மானம், கப்பல் கிடைக்காததால், படகேறியது.

நர்ஸம்மா கேட்டது பொதுவாகத்தான். ஆனால் பார்த்தது தன் கணவரை.

அவருக்கு எல்லோரும் வைத்த பெயர் அங்குலம். சமையலறை அலமாரி செய்வது அவர் தொழில். காதில் பென்சிலும் இடுப்பில் அளவு நாடாவும் இல்லாமல் அவரை யாரும் பார்த்ததில்லை. துக்க வீட்டுக்குப் போனாலும் ஓரமாக நின்று கதவு நிலையைக் கண்ணால் அளந்துவிட்டுத்தான் அழ ஆரம்பிப்பார். அவர் செய்த சமையலறையில் எதுவும் வெளியே தெரியக் கூடாது. அடுப்பு பலகைக்குள் போய்விடும், பாத்திரம் கழுவும் தொட்டி மேடைக்குள் போய்விடும். ஒரு வாடிக்கையாளர் தன் வீட்டுக் குப்பைக்கூடையை இரண்டு நாள் தேடிவிட்டு, கடைசியில் அவருக்கே போன் செய்தார். அந்தப் போனைத் தன் வாழ்நாள் விருது போல அங்குலம் பார்ப்பவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

நான்கு வருடத்துக்கு முன்பு அவர் ஒரு பழைய பாய்மரப் படகை வாங்கினார். உள்ளே இரண்டு பேர் படுக்கலாம், குனிந்தபடி நிற்கலாம். ஒவ்வொரு ஞாயிறும் இரண்டு பேருக்கு ரொட்டி கட்டிக்கொண்டு போவார், இரண்டு பேர் ரொட்டியையும் தானே தின்றுவிட்டு வருவார். ஏனென்றால் நர்ஸம்மா ஒரு மணி நேரத்துக்கு மேல் படகில் இருந்ததில்லை. அதற்கே முந்தின நாள் ராத்திரியிலிருந்து தண்ணீர் குடிக்காமல் வருவார். ஆண்கள் அறுவைச் சிகிச்சை வார்டில் இருபத்தேழு வருடம் வேலை பார்த்தவர். ஊருக்கெல்லாம் பெட்பேன் வைத்த கைக்குத் தனக்கென்று ஒன்று இல்லை.

கூட்டம் முடிந்து வீட்டுக்கு வந்ததும் செருப்பைக் கழற்றியபடியே நர்ஸம்மா சொன்னார்.

"என்னங்க, நம்ம கல்யாணமாகி இருபத்தஞ்சு வருஷம் ஆகப்போகுது. அந்த வாரம் லீவு போடறேன். ரெண்டு நாள் உங்க படகுல வரேன், தீவோரமா நிறுத்திப் படகுலயே தங்கலாம். மனுஷி மாதிரி போக ஒரு இடம் இருக்கணும். இருந்தா, அது நம்ம படகு. இல்லைன்னா வித்துடுங்க. என்னால இனிமே ஞாயித்துக்கிழமையில விதவை மாதிரி உக்காந்திருக்க முடியாது."

படகை விற்க அங்குலத்துக்கு மனசே வரவில்லை. அதே சமயம் எதிர்ப் பலகையில் நர்ஸம்மா உட்கார்ந்து காற்றில் முடியை ஒதுக்குவதை நினைத்தால் ஒரு சந்தோஷம். "நீ ஒண்ணும் கவலைப்படாத. எல்லாம் நான் பாத்துக்கறேன்," என்றார். அங்கேதான் கோணல் ஆரம்பித்தது.

மறுநாள் அவர் சங்கத் தலைவரிடம் யோசனை கேட்டார். தலைவர் முப்பத்தைந்து வருடம் ஒரு அலுவலகத்தில் கோப்புகளைத் தள்ளி வைத்தவர். ஓய்வு பெற்றதும் நங்கூரம் பொறித்த தொப்பி ஒன்றை வாங்கி, கடலோடி ஆகிவிட்டார். அவர் படகு கரையைவிட்டுப் போவது அபூர்வம். அவர் பேச்சு மட்டும் உலகத்தைச் சுற்றி வந்துவிடும்.

"டாய்லெட்டா? பத்தொன்பது அடியிலயா?" என்று தலைவர் சிரித்தார். "நாங்க எல்லாம் எப்படி இருந்தோம்? வாளி இருக்கு, கடல் இருக்கு. வேற என்ன வேணும்? அடுத்தது குளிக்க வெந்நீர் கேப்பாங்க."

"அவ பொம்பள தலைவரே."

"அதான் சொல்றேன். படகுல ஏத்தினது உங்க தப்பு."

அங்குலம் தலையை ஆட்டிவிட்டு வந்தார். சமாளிப்புக்கு ஆட்டிய தலைதான். அந்தச் சனிக்கிழமையே கூடாரம், தூங்கும் பை எல்லாம் விற்கும் கடைக்குப் போனார். மனைவிக்குச் சொல்லவில்லை. ஆச்சரியப்படுத்துவதாகத் திட்டம்.

கடையில் இருந்த பெண் மூன்று டாய்லெட் பெட்டிகளை வரிசையாக வைத்தாள். உயரத்தைத் தவிர மூன்றும் ஒரே மாதிரி: மேலே ஒரு தொட்டி, அதில் நல்ல தண்ணீர். கீழே ஒரு தொட்டி, அதில் மற்றது. நடுவே இழுத்து மூடும் தகடு. வாசம் வராமலிருக்க ஊற்றும் நீல நிற மருந்து. கீழ்த்தொட்டி நிறைந்ததும் தனியாகக் கழற்றி, கைப்பிடியைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு போய்க் கரையில் கொட்ட வேண்டும்.

"இந்த உயரமானதுதான் சார் நல்லா போகுது. நாற்காலி உயரம் இருக்கும். முட்டி வலி இருக்கறவங்களுக்கு வசதி."

அங்குலம் நாடாவை இழுத்தார். நாற்பத்தொரு சென்டிமீட்டர். அவர் மனதில் இருந்த இடம், படகுக்குள் இறங்கும் படிக்கு அடியில் இருந்த பொந்து. அதன் உயரம் முப்பத்து மூன்று. குட்டையான பெட்டியை அளந்தார். முப்பத்திரண்டரை. அவர் முகம் குழந்தையைப் பார்த்த முகம் போல் ஆகிவிட்டது.

"சார், எதுக்கும் ஒரு தடவை உக்காந்து பாருங்க. இது ரொம்பத் தாழ்வு."

"நான் உக்கார வரலம்மா. வைக்க வந்திருக்கேன்."

அடுத்த மூன்று வாரம் பட்டறையில் வேறு வேலை நடக்கவில்லை. இரண்டு வாடிக்கையாளர்கள் அலமாரிக் கதவில்லாமல் சமைத்தார்கள். அங்குலம் படகைக் கரையேற்றி, வாங்கிய பெட்டி ஒளிந்துகொள்ள அந்தப் பொந்தைச் சுற்றி ஒரு தேக்குக் கூடு செய்தார். வெளியிலிருந்து பார்த்தால் சாதாரணப் படி. முதலில் படியின் மேற்பலகையில் விளிம்புக்கு அடியில் ஒளிந்திருக்கும் தாழை அழுத்த வேண்டும். பிறகு மடக்கு மேசையைச் சுவரோடு சாய்க்க வேண்டும். படுக்கையின் கால்பக்கப் பலகையை உருவ வேண்டும். முன்பலகையை மேலே தூக்கி வெளியே இழுக்க வேண்டும். அப்புறம் இரண்டு வார்ப்பட்டைகளை அவிழ்த்தால் பெட்டி வரும். எங்கும் ஒரு ஆணித்தலைகூடத் தெரியாது. முதல் முயற்சியில் நான்கு நிமிடம் ஆனது. பழகியபின் இரண்டு நிமிடம் நாற்பது நொடியில் வெளியே எடுத்தார். தனியாக நின்று தனக்குத் தானே கை தட்டிக்கொண்டார். அந்தப் பெட்டி மேல் அவர் ஒரு முறைகூட உட்காரவில்லை என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும்.

புறப்படும் காலையில் தலைவர் தொப்பியோடு வந்து நின்றார். தீவில் சங்கத்தின் ஓய்வு விடுதிப் பொறுப்பாளரைப் பார்க்க வேண்டுமாம், அதுவரைக்கும் கூட வருகிறாராம். நர்ஸம்மா கணவரைப் பார்த்தார். அங்குலம் வானத்தைப் பார்த்தார். தலைவர் ஏறி, நல்ல இடமாகப் பார்த்து உட்கார்ந்துவிட்டார்.

காற்று நன்றாக வீசியது. பாய் புடைத்து, படகு ஒரு பக்கம் சாய்ந்து ஓடியது. நர்ஸம்மா நான்கு வருடத்தில் முதல் தடவையாகப் படகில் ஒரு பாட்டில் தண்ணீர் முழுக்கக் குடித்தார். "எங்க வச்சிருக்கீங்க?" என்று கேட்டதற்கு அங்குலம், "கண்டுபிடி பாக்கலாம்," என்று கண்ணடித்தார். தலைவர் தன் பங்குக்கு, கட்டிக்கொண்டு வந்த அவித்த முட்டைகளில் ஆறை உள்ளே தள்ளி, மேலே ஒரு குவளை பாலும் குடித்தார்.

ஒரு மணி நேரம் போனது. தலைவர் பேச்சு நின்றது. நெற்றியில் வேர்வை முத்து முத்தாக நின்றது. தொப்பியைக் கழற்றினார், மறுபடி போட்டார்.

"அந்த... உங்க ஏற்பாடு... எங்க இருக்கு?" என்றார் மெல்லிய குரலில்.

"நீங்க கால் வச்சிருக்கீங்களே, அந்தப் படிக்கு அடியிலதான் தலைவரே!" அங்குலத்துக்குப் பெருமை தாங்கவில்லை. "பாத்தா தெரியுதா? தெரியாது!"

"தெரியுது, தெரியல, அது கிடக்கட்டும். திறங்க."

நர்ஸம்மா முகத்தைக் கல்லாக வைத்துக்கொண்டு, "வாளி இருக்கு தலைவரே. கடலும் இருக்கு," என்றார்.

"அம்மா தாயே, கேலி பண்ற நேரமில்ல இது!"

அங்குலம் சுக்கானை மனைவி கையில் கொடுத்துவிட்டுப் பாய்ந்தார். தாழை அழுத்தினார். அசையவில்லை. படகு கரையில் நின்றபோது அரை மில்லிமீட்டர் இடைவெளி விட்டு அறுத்த பலகை, நான்கு நாள் தண்ணீர்மேல் கிடந்து ஈரம் குடித்து உப்பியிருந்தது. போதாக்குறைக்குப் படகு சாய்ந்திருந்ததால் மேசை படியை நெரித்துக்கொண்டு நின்றது. அங்குலம் குத்தினார், கெஞ்சினார், இரண்டு கையாலும் இழுத்தார். அவர் செய்த வேலைகளிலேயே கச்சிதமான வேலை அது. தண்ணீர் புகாது, காற்றுப் புகாது, தலைவரும் புக முடியாது.

"எவ்வளவு நேரமாகும்?" என்று தலைவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

"சாதாரணமா ரெண்டு நிமிஷம் நாப்பது செகண்ட்..."

"என்னங்க, நகருங்க," என்றார் நர்ஸம்மா. "சுக்கானப் புடிங்க. பாயத் தளத்துங்க, படகு நேரா நிக்கட்டும். அந்தப் பெரிய ஸ்க்ரூட்ரைவர் எங்க?"

"ஏய், அது தேக்கு!"

"உங்களுக்கு மரம் வேணுமா, மனுஷன் வேணுமா?"

உண்மையைச் சொல்ல வேண்டும். அங்குலம் ஒரு நொடி யோசித்தார்.

அந்த ஒரு நொடிக்குள் நர்ஸம்மா ஸ்க்ரூட்ரைவரைக் கண்டுபிடித்து, பலகை இடுக்கில் விட்டு நெம்பிவிட்டார். தேக்கு பிளந்த சத்தம் கேட்டு அங்குலம் தன் பல்லையே பிடுங்கியது போல் கன்னத்தைப் பிடித்துக்கொண்டார். நர்ஸம்மா பெட்டியை உருவி, படகின் முன்பக்கம், பாய் மூட்டை கிடந்த முக்கோண மூலையில் வைத்தார். வார்ப்பட்டையால் இறுக்கினார். போர்வை ஒன்றைக் கயிற்றில் தொங்கவிட்டார். வார்டில் ஆயிரம் முறை செய்த கை, ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. தலைவரை உள்ளே அனுப்பிவிட்டு வெளியே வந்து, கணவர் பக்கத்தில் உட்கார்ந்து, நிலக்கடலை உரிப்பவர் போல் சாவகாசமாகத் தீவைப் பார்த்தார்.

கொஞ்ச நேரத்தில் போர்வைக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. "அம்மா... எந்திரிக்க முடியல. முட்டி மடங்கிடுச்சு. ரொம்பத் தாழ்வா இருக்கு."

நர்ஸம்மா போய்க் கையைக் கொடுத்துத் தூக்கிவிட்டார். "வெக்கப்படாதீங்க தலைவரே. உங்களவிடப் பெரிய ஆளையெல்லாம் தூக்கியிருக்கேன்."

தீவில் தலைவர் தொப்பியைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் இறங்கிப் போனார். விடுதிப் பொறுப்பாளரின் விசைப்படகு அன்று மதியமே அவரைக் கரையில் கொண்டுபோய் விட்டது.

படகில் இருவர் மட்டும். உடைந்த பலகைத் துண்டுகளை அங்குலம் மடியில் வைத்து ஒட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வித்துடலாம்," என்றார் கடைசியில். "நீ சொன்னபடியே."

"யாருக்காகங்க இந்தப் பெட்டிய வாங்கினீங்க?"

"உனக்காகத்தான்."

"அப்ப ஏன் என்னைக் கடைக்குக் கூட்டிட்டுப் போகல? இருபத்தேழு வருஷமா இந்த வேலைதானே பாக்கறேன். எத்தனை மாடல் தூக்கியிருப்பேன், கழுவியிருப்பேன்? எது நல்லதுன்னு எனக்குத் தெரியாதா? என் முட்டி வலிக்குத் தைலம் தேய்ச்சு விடறது நீங்கதானே?"

ஆச்சரியப்படுத்தலாம் என்று நினைத்தேன் என்று அங்குலம் முணுமுணுத்தார். ஆச்சரியமாத்தான் இருந்துச்சு என்று நர்ஸம்மா சொல்ல, இருவருக்கும் ஒரே நேரத்தில் சிரிப்பு வந்துவிட்டது. தலைவரின் முகத்தை நினைத்து நினைத்துச் சிரித்தார்கள்.

சிரித்து முடித்ததும் அங்குலம் நாடாவை எடுத்தார். மனைவியை ஓரமாக உட்காரவைத்து, குதிகாலிலிருந்து முழங்கால் மடிப்புவரை அளந்தார். நாற்பத்து மூன்று. பிளந்த தேக்கையே வெட்டி, அந்த முக்கோண மூலையில் பத்து சென்டிமீட்டர் உயரத்துக்கு ஒரு மேடை அடித்தார். ஆணித்தலையெல்லாம் வெளியே தெரிந்தது. அசிங்கமாகத்தான் இருந்தது. நர்ஸம்மா உட்கார்ந்து, எழுந்து, மறுபடி உட்கார்ந்து பார்த்தார்.

"ம். இப்ப சரி. போர்வைக்குப் பதிலா கெட்டித் துணியில ஒரு திரை தைக்கணும். அத நான் தைக்கறேன். இந்தப் பக்கம் கைப்பிடி ஒண்ணு போடுங்க."

நர்ஸம்மா அந்த ராத்திரியும் படகில் இருந்தார், மறுநாள் முழுக்கவும் இருந்தார்.

திரும்பி வந்தபோது படகுத்துறை மேடையில் சங்கத்தார் எல்லோரும் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் தலைவர், பெரும் புயலொன்றைப் பற்றிக் கையை வீசிச் சொல்லிக்கொண்டிருந்தார். அங்குலம் கீழ்த்தொட்டியைக் கழற்றி, இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு இறங்கினார். கொட்டும் அறை மேடையின் அந்தக் கோடியில். முப்பது பேரைத் தாண்டித்தான் போயாக வேண்டும். எல்லாவற்றையும் மறைத்தே வாழ்ந்த மனிதரின் கழுத்தெல்லாம் சிவந்துவிட்டது. நாலடி வைத்துத் தொட்டியைக் கீழே இறக்கினார்.

பின்னாலேயே பையோடு வந்த நர்ஸம்மா, வார்டின் கடைசிக் கட்டில்வரை கேட்கும் குரலில் கூப்பிட்டார்.

"தலைவரே! இதுல உங்க பங்கும் இருக்கு. வாங்க, ஒரு கை புடிங்க."

புயல் பாதியில் நின்றது. தலைவர் இடப்பக்கம் பார்த்தார், வலப்பக்கம் பார்த்தார், எழுந்து வந்து மறுபக்கக் கைப்பிடியைப் பிடித்தார். இரண்டு பேரும் அடியளந்து, ஒரு சொட்டுச் சிந்தாமல், மேடை முழுக்க நடந்து போனார்கள். எல்லோர் தலையும் அவர்கள் போன பக்கமே திரும்பியது. நர்ஸம்மா மட்டும் பையிலிருந்து வார்டு அட்டவணையை எடுத்து, அடுத்த மாதம் எந்த இரண்டு நாள் தனக்கு லீவு என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

சங்கத்தில் விசாரித்தால், அப்படியெல்லாம் எதுவும் நடக்கவில்லை என்றுதான் தலைவர் சொல்வார். அதனால் உங்களிடம் ஒரு வேண்டுகோள். படகு வாங்க நினைக்கும் யாரையாவது உங்களுக்குத் தெரிந்தால், அவர்களிடமும், முக்கியமாக அவர்கள் வீட்டுப் பெண்களிடமும் இந்தக் கதையைச் சொல்லிவிடுங்கள். தலைவர் தன் கதையோடு முந்திக்கொள்வதற்குள் சொல்லிவிடுங்கள்.