தணிக்கை நாளும் மகளின் தேர்வும்

ஆம்பூருக்குப் பக்கத்தில் எங்களுக்கு ஒதுக்கிய முகாமில் வந்து இறங்கிய அன்று எனக்கு எதுவுமே பிடிக்கவில்லை. காற்றில் தோல் வாடை. தண்ணீரில் உப்பு. மன்னாரிலிருந்து படகேறி வந்து, மண்டபம் முகாமில் மாதக்கணக்கில் கிடந்து, அரசாங்கம் கொடுத்த வீட்டுக்கு வந்தவள் மூக்கைச் சுளிக்கலாமா என்று இப்போது தோன்றுகிறது. அன்று தோன்றவில்லை. புதிதாகக் கட்டிய கான்கிரீட் வீடு. என் கணவர் கதவைத் திறந்து திறந்து மூடிப் பார்த்துச் சந்தோஷப்பட்டார். நான் சமையலறையை எட்டிப் பார்த்து, "குசினி சின்னன்" என்றேன்.

கேட்காமலே ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. பாய், பாத்திரம், அடுப்பு, அரிசி. சுகாதார நர்ஸ் பெட்டியோடு வந்து எனக்கும் கணவருக்கும் மகளுக்கும் ரத்தம் எடுத்துப் பார்த்தார். மகளைப் பத்தாம் வகுப்பில் சேர்க்கப் போனபோது, பழைய பள்ளியின் சான்றிதழ் எதுவும் இல்லையே என்று நான் கைகளைப் பிசைந்தேன். தலைமை ஆசிரியை, "டீசி அப்பறம் பாத்துக்கலாம்மா, மொதல்ல பொண்ணு கிளாஸ்ல போய் ஒக்காரட்டும்" என்று சொல்லிவிட்டார். கணவருக்கு ஷூ கம்பெனியில் பசை ஒட்டும் வேலை கிடைத்தது. இத்தனைக்கும் நன்றி சொல்லாமல் தண்ணீர் உப்பு என்று புலம்பிக்கொண்டிருந்தவள் நான்.

முகாமுக்குப் பொறுப்பான வருவாய் ஆய்வாளர் ஒரு பெண். அந்த அம்மாவையும் எனக்குப் பிடிக்காது. குரல் அப்படி. "இன்னாம்மா, காது கேக்கலியா? கையெழுத்து இங்க!" என்பார். மாதம் இரண்டு முறை ஸ்கூட்டரில் வந்து வேப்பமரத்தடியில் உட்கார்ந்து தணிக்கை செய்வார். பதிவேட்டில் இருக்கிற பெயர்களை வாசிப்பார். நாங்கள் முகம் காட்டிக் கையெழுத்துப் போட வேண்டும்.

பெயர் வாசிப்பது என்றாலே எனக்குப் பயம். போர் முடிந்த கையோடு இலங்கையில் எங்களை அடைத்து வைத்திருந்த முகாமிலும் இப்படித்தான் வாசித்தார்கள். அன்று என் தம்பி அம்மாவுக்கு மருந்து வாங்க வரிசையில் நிற்கப் போயிருந்தான். பெயர் கூப்பிட்டபோது அவன் இல்லை. எங்கள் குடும்ப அட்டையில் அவன் பெயர் மேல் சிவப்புக் கோடு இழுத்தார்கள். பிறகு அவனைத் தேடிப் போன இடமெல்லாம், அட்டையில் அப்படி ஒருவர் இல்லையே என்றார்கள். இன்றுவரை அவன் கிடைக்கவில்லை.

அதனால் தணிக்கை நாளில் மகளைப் பள்ளிக்கு அனுப்பமாட்டேன். வயிற்றுவலி என்று கடிதம் கொடுத்துவிடுவேன். மற்றப் பிள்ளைகள் வரிசையில் நிற்காததைப் பார்த்தேன்தான். அவர்கள் பழைய குடும்பங்கள், இங்கேயே பிறந்தவர்கள். நேற்று வந்த எங்களுக்கு வேறு சட்டம் இருக்கும் என்று நானே முடிவு செய்துகொண்டேன். யாரிடமாவது கேட்டிருக்கலாம். கேட்பது எனக்குக் கௌரவக் குறைச்சல்.

அறிவியல் செய்முறைத் தேர்வு சரியாகத் தணிக்கை நாளில் வந்தது. அதற்கு வராவிட்டால் பொதுத்தேர்வு எழுத முடியாது, ஒரு வருஷம் போய்விடும் என்று டீச்சர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். தேர்வு பதினொரு மணிக்கு. தணிக்கை ஒன்பதுக்கே தொடங்கிவிடும், முடிந்ததும் ஓடலாம் என்பது என் கணக்கு. அன்று பார்த்து அந்த அம்மா பத்து மணிக்குத்தான் வந்தார். புதியவர்கள் என்பதால் எங்கள் பெயர்கள் பதிவேட்டின் கடைசிப் பக்கத்தில்.

"அம்மா, நான் போறன்" என்றாள் மகள், சீருடையில், நோட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு.

"பேர் கூப்பிட்ட பிறகு ஓடு" என்றேன். அவள் சத்தமில்லாமல் அழத் தொடங்கினாள். நான் அவள் கையை விடவில்லை.

"பொண்ணு ஏம்மா அழுவுது?" என்று மரத்தடியிலிருந்து குரல் வந்தது.

"ஒண்டுமில்லை அம்மா" என்றேன்.

"இண்டைக்குச் செய்முறைத் தேர்வு, பதினொரு மணிக்கு" என்றாள் மகள்.

அந்த அம்மா போனைப் பார்த்தார். "பத்தே முக்கால் ஆவுது! இவ இன்னாத்துக்கு இங்க நிக்கறா?"

"இல்லாட்டில் பேரை வெட்டிப்போடுவியள் எண்டு..." என்று இழுத்தேன்.

முதல் தடவையாக அந்தக் குரல் தணிந்ததைக் கேட்டேன். "யாரும்மா சொன்னா உனக்கு? படிக்கற புள்ளைங்களுக்கு ஸ்கூல்ல ஒரு பேப்பர் வாங்கிக் குடுத்தா போதும். என்னக் கேக்கறதுக்கு இன்னா?" பதிவேட்டைப் பட்டென்று மூடி, கூட வந்திருந்த தலையாரியிடம் கொடுத்தார். "ஏறு பாப்பா. கெட்டியா புடிச்சுக்கோ."

ஸ்கூட்டர் புழுதி கிளப்பிக்கொண்டு போனது. கம்பெனியில் அரைநாள் லீவு சொல்லிவிட்டு வந்தவர்கள் அத்தனை பேரும் வெயிலில் காத்திருந்தார்கள். ஒருவர்கூட முணுமுணுக்கவில்லை. பக்கத்து வீட்டுப் பெண் எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். வெட்கமாக இருந்தது, வாங்கிக் குடித்தேன்.

அவர் திரும்பி வந்தபோது தலையெல்லாம் புழுதி. "பெல் அடிக்கறதுக்குள்ள உள்ள உட்டுட்டேன். டீச்சர்கிட்ட திட்டு வாங்கனது நானு" என்று என்னைப் பார்த்து முறைத்தார். எல்லோரும் சிரித்தார்கள். விட்ட இடத்திலிருந்து பெயர்களை வாசித்தார்.

கடைசிப் பக்கம் வந்தது. கணவரின் பெயர். என் பெயர். பிறகு மகளின் பெயர். அவளைப் பள்ளியில் இறக்கிவிட்டவரே அவர்தான், கூப்பிடாமலே விட்டிருக்கலாம். ஆனாலும் கூப்பிட்டார். பேனாவைப் பிடித்தபடி நான் வாய் திறக்கும்வரை காத்திருந்தார்.

"பள்ளிக்கூடம் போயிட்டாள் அம்மா" என்றேன். சொல்லும்போதே அழுதுவிட்டேன்.

"அந்த பேப்பர நாளைக்கு கொண்டாந்து குடுத்துடு" என்றபடி பதிவேட்டை என் பக்கம் திருப்பிக் காட்டினார். கூப்பிட்டபோது இல்லாத ஒரு பிள்ளையின் பெயருக்கு நேரே கோடு விழாமல் சரிக்குறி விழுந்ததை, என் வாழ்நாளில் அன்றுதான் பார்த்தேன்.