சாவடிப் படத்தில் நாலு பெண்கள்

தில்லையம்மாளைப் பற்றி எழுத எனக்கு ஒரு தகுதி உண்டு. அறுபத்திரண்டு வயதில் அவரைச் சாராயக் குற்றவாளி ஆக்கியவன் நான்தான். ஒரு அட்டையில் ஒரே ஒரு வரி எழுதி அதைச் செய்தேன்.

என் பெயர் பழனிவேல். போலீசில் ஏட்டாக இருந்தேன். 2006-ல் ஒரு திருவிழா பந்தோபஸ்தில் வலது முட்டி போனது. ஓட முடியாத போலீசை என்ன செய்வது என்று யோசித்த அதிகாரிகள், கடலூரில் புதிதாகத் திறக்கப்போகிற காட்சியகத்துக்கு என்னை அனுப்பினார்கள். பழைய ஓட்டுக் கட்டடம், இரண்டே அறை. இந்தப் பக்கம் வெள்ளைக்காரன், அந்தப் பக்கம் பிரெஞ்சுக்காரன் என்று இருந்த காலத்திலிருந்து பாண்டிச்சேரி எல்லையில் போலீஸ் பட்ட பாட்டை ஜனங்களுக்குக் காட்ட வேண்டுமாம். ஜனங்கள் ஆடிக்கொரு தடவை, அமாவாசைக்கொரு தடவை வந்தார்கள். மழைக்கு ஒதுங்கியவர்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

கைவிலங்கு, அரிக்கேன் விளக்கு, சிவப்புத் தொப்பி, எல்லைக்கல் ஒன்று, சாராயம் கடத்திய சைக்கிள் டியூபுகள். எல்லாவற்றுக்கும் விவரம் எழுதி அட்டை மாட்டுவது என் வேலை. ஸ்டேஷன் பரணில் கிடந்த மூட்டையில் ஒரு போட்டோ கிடைத்தது. சோதனைச் சாவடி வாசல். ஒரு பக்கம் ஐந்து போலீஸ், இன்னொரு பக்கம் நாலு பெண்கள், நடுவில் தரையில் உப்பிய டியூபுகள். பின்னால் பென்சிலில் '27.6.70, பெண்கள் 4' என்று இருந்தது. எனக்கு அதற்கு மேல் என்ன வேண்டும்? 'சாராயம் கடத்திப் பிடிபட்ட பெண்கள் நால்வர், 1970' என்று எழுதி, கண்ணாடி போட்டு, வாசலுக்கு நேராக மாட்டினேன். போலீஸ் கண்ணுக்கு யூனிபாரம் போட்டவன் போலீஸ், போடாதவன் அக்யூஸ்டு. முப்பது வருஷ சர்வீஸில் கண் அப்படிப் பழகிவிட்டது.

2007 ஆடி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை தில்லையம்மாள் வந்தார். ஒல்லியான உடம்பு, கையில் துணிப்பை. மற்ற எதையும் பார்க்கவில்லை. நேராக அந்தப் படத்துக்கு முன்னால் போய் நின்றார். பிறகு என் மேஜைக்கு வந்து, நாலு என்பதை மூன்று என்று திருத்த வேண்டும் என்று சொன்னார். ஏன் என்று கேட்டேன்.

"இடப்பக்கத்துலேர்ந்து ரெண்டாவதா நிக்கிறது நானு. நான் கடத்துனவ இல்ல, ஏட்டய்யா. சோதன போட்டவ."

அன்றைக்கு அவர் சொன்னதையும் பிற்பாடு சொன்னதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். அந்தக் காலத்தில் நம் பக்கம் மதுவிலக்கு, பாண்டிச்சேரிப் பக்கம் சாராயம் தாராளம். ஆண்களைவிடப் பெண்கள் கடத்துவது சுலபம், ஏனென்றால் பெண்ணைப் பெண்தான் சோதிக்க வேண்டும் என்பது சட்டம். போலீசிலோ பெண்களே கிடையாது. சாவடிக்கு எதிரில் வேர்க்கடலை அவித்து விற்றுக்கொண்டிருந்த பத்தொன்பது வயதுத் தில்லையம்மாளைக் கூப்பிட்டு, கீற்று மறைப்புக்குப் பின்னால் அனுப்பினார்கள். அப்படி ஆரம்பித்தது, ஏறக்குறைய பதினைந்து வருஷம் ஓடியது. ஆர்டர் கிடையாது, நம்பர் கிடையாது, யூனிபாரம் கிடையாது.

பெண்கள் டியூபில் சாராயம் ரொப்பி வயிற்றில் கட்டிக்கொண்டு, பிள்ளைத்தாய்ச்சி மாதிரி இடுப்பில் கை வைத்து நடந்து வருவார்கள். எது நிஜம், எது டியூப் என்று எப்படித் தெரியும் என்று கேட்டேன். புள்ள வயிறு கையைத் தள்ளும், டியூபு கை போன பக்கம் நழுவும் என்றார். இதை எந்தப் பயிற்சிப் பள்ளியிலும் எனக்குச் சொல்லித் தரவில்லை. பிடிபட்டவர்கள் மண்ணை வாரித் தூற்றினார்கள். பிடிக்கவில்லை என்றால், காசு வாங்கிக்கொண்டு விட்டுவிட்டாள் என்று போலீஸ்காரர்கள் ஏசினார்கள். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. பெண் போலீஸ் வந்த பிறகு ஒரு நாள், நாளையிலிருந்து வர வேண்டாம்மா என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

இதில் எதுவும் அவருக்குக் குறையாக இல்லை. அவருடைய குறை மகள்.

மகள் பவானி ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். எங்கம்மா போலீசில் இருந்தாங்க என்று சின்ன வயதிலிருந்தே சொல்லிக்கொண்டு வளர்ந்த பெண். வகுப்பிலும் சொல்லியிருக்கிறார். அந்தப் பெருமையில்தான் ஏழாம் வகுப்புப் பிள்ளைகளைக் காட்சியகத்துக்கு அழைத்து வந்தார். நான்தான் டிக்கெட் கிழித்தேன். படத்துக்கு முன்னால் ஒரு பெண் பிள்ளை, டீச்சர், இவங்க உங்க மாதிரியே இருக்காங்க என்று சொல்லியிருக்கிறாள். பவானி அட்டையைப் படித்திருக்கிறார்.

வீட்டுக்குப் போய்ச் சண்டை போடவில்லையாம். ஒரே ஒரு கேள்வி கேட்டாராம். எது நிஜம்மா என்று. தில்லையம்மாள் சொன்னதை முழுக்கக் கேட்டுவிட்டு, சரி என்று எழுந்து போயிருக்கிறார். அதன் பிறகு அந்தப் பேச்சே இல்லை.

"சண்ட போட்டிருந்தா தேவல. நம்புறாப்ல தலையாட்டுது, ஏட்டய்யா. கவுருமெண்டு போர்டு பொய் சொல்லாதுன்னு நெனைக்குது."

எனக்குச் சுருக்கென்றது. ஆனால் போலீஸ் புத்தி ஆதாரம் கேட்கும். வாயால் சொன்னதை வைத்து அட்டையை மாற்றினால், நாளைக்கு மற்ற மூன்று பேரின் வாரிசுகளும் நாங்களும் சோதனை போட்டவர்கள்தான் என்று வந்து நிற்பார்கள். இன்ஸ்பெக்டரிடம் சொன்னேன். எழுத்தில் ஏதாவது இருந்தால் பாருங்கள், இல்லாவிட்டால் சாட்சி கொண்டுவாருங்கள் என்றார். ரிக்கார்டுகளை எப்போதோ அழித்திருந்தார்கள். தப்பிப் பிழைத்த ஒரு பறிமுதல் மகஜரில் 'ஒரு பெண்ணின் உதவியுடன் சோதனையிட்டு' என்று இருந்தது. அந்த ஒரு பெண்ணுக்குப் பேர் வைக்க எழுதியவருக்கு மை போதவில்லை.

படத்திலிருந்த ஐந்து போலீசில் ஒருவர் மட்டும் உயிரோடு இருந்தார். சாமிக்கண்ணு, திட்டக்குடிக்குப் பக்கத்தில் மகன் வீட்டில். லீவு போட்டு, இரண்டு பஸ் மாறி, முட்டியைத் தேய்த்துக்கொண்டே போனேன். எண்பது வயதுக்கு நல்ல ஞாபகம். போட்டோ நகலைக் கையில் வாங்கி, ஐந்து போலீசின் பெயரையும் நம்பரோடு சொன்னார். பெண்களைப் பற்றிக் கேட்டேன்.

"பொம்பளைங்களா? நாலு பேரையும் நான்தான் புடிச்சன்."

சோதனை போட்ட பெண் ஒருத்தி இருந்தாளே என்றேன். அப்படி யாரும் இல்லை என்று அடித்துச் சொன்னார். கடலைக்காரி என்று எடுத்துக் கொடுத்தேன். கடலை நன்றாக இருக்கும் என்றார். தேடிப் போய் எதிர்ச்சாட்சி சம்பாதித்துக்கொண்டு திரும்பினேன்.

இனி மிஞ்சியவர்கள் பிடிபட்ட மூன்று பெண்கள். தன்னைச் சோதித்தது யார் என்று அவர்களுக்குத் தெரியாமல் இருக்காது. இரண்டு பேர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள், ஒருத்தி சிதம்பரத்தில் இருக்கிறாள் என்றார் தில்லையம்மாள். ஆருத்ரா தரிசனத்துக் கூட்டத்தில் இரண்டு மூன்று தடவை எதிரெதிரே வந்திருக்கிறார்களாம். இரண்டு பேருமே வேறு பக்கம் பார்த்துக்கொண்டு போய்விடுவார்களாம்.

நானும் கூட வருகிறேன் என்று கிளம்பினேன். சிதம்பரம் பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் ஒரு டீக்கடையைக் காட்டி, இங்கேயே உட்காருங்கள் என்று சொல்லிவிட்டார். போலீசைப் பார்த்தால் அவள் வாயைத் திறக்க மாட்டாள் என்பது காரணம். அதனால் அந்தப் பெண்மணியின் பெயர் எனக்கு இன்றுவரை தெரியாது. பட்டம்மாள் என்று நானாக வைத்துக்கொள்கிறேன். பூக்கடை வைத்திருக்கிறார் என்றும் நானாகவே சொல்கிறேன். கண்டுபிடிக்க நினைத்தால் அரை நாள் வேலை. நினைக்கவில்லை.

மூன்று டீ குடித்த பிறகு தில்லையம்மாள் திரும்பி வந்தார். பட்டம்மாள் முகம் கொடுத்துப் பேசினாராம், காபி கூடக் கொடுத்தாராம். ஆனால் முடியாது என்றுவிட்டார். மகன் வேலையில் இருக்கிறான், மூத்த மகள் வயிற்றுப் பேத்தி காலேஜில் படிக்கிறாள், இத்தனை வருஷம் மூடி வைத்ததை நானே என் வாயால் திறப்பதா என்று கேட்டாராம். நீ சோதனை போட்டவள் என்று நான் எழுதிக் கொடுத்தால், நான் யார் என்று எழுதுவது என்றும் கேட்டாராம். நியாயமான கேள்வி. தில்லையம்மாளும் அதற்கு மேல் கெஞ்சவில்லை. போர்டு எக்கேடு கெட்டுப் போகட்டும், டீச்சர் வேலை பார்க்கிற என் பொண்ணு நம்பவில்லை, அதுதான் தாங்கவில்லை என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டார்.

திரும்பும் பஸ் புதுச்சத்திரத்தைத் தாண்டியது. பிறகு, அந்த அம்மா பேரைக் கொடுங்கள், சம்மன் மாதிரி ஏதாவது அனுப்பி வரவழைக்கலாம் என்று நான் ஆரம்பித்தேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டேன். அதன் பிறகு காட்சியகத்துக்கு வருவதையும் அவர் நிறுத்திவிட்டார்.

எனக்கு அந்தப் படம் கண்ணில் தைத்த முள்ளாகிவிட்டது. வாசலுக்கு நேராக மாட்டியதும் நான்தானே. உள் அறைக்கு மாற்றினேன். வேறென்ன செய்யத் தெரியும்?

தை மாதம் பவானி தனியாக வந்தார். பிள்ளைகள் இல்லை. உள் அறைக்குப் போய்ப் படத்தைப் பார்த்துவிட்டு வந்து என் எதிரில் உட்கார்ந்தார். முகம் வீங்கியிருந்தது. பள்ளிக்கூடத்துக்கு ஒரு அம்மா தன்னை விசாரித்துத் தேடிக்கொண்டு வந்ததாகச் சொன்னார். பேர் சொல்லவில்லை, ஊர் சொல்லவில்லை. வேப்ப மரத்தடியில் நின்றுகொண்டே பேசிவிட்டு, தண்ணீர்கூட வாங்கிக் குடிக்காமல் போய்விட்டாராம்.

நடந்தது இதுதான். அன்றைக்குப் பட்டம்மாள் முதுகில் டியூபு கட்டியிருந்தார். அதை அவிழ்த்தாயிற்று. வயிற்றில் இருந்தது நிஜமான ஆறு மாதப் பிள்ளை. அப்போதிருந்த அதிகாரி நம்பவில்லை. எல்லாச் சிறுக்கியும் இதைத்தான் சொல்கிறாள், லத்தியால் ஒரு தட்டுத் தட்டிப் பார் என்று கான்ஸ்டபிளிடம் சொல்லியிருக்கிறார். தில்லையம்மாள் குறுக்கே போய், பட்டம்மாளின் வயிற்றின் மேல் தன் கையை வைத்துக்கொண்டு நின்றுவிட்டார். இது புள்ளதாங்க ஐயா, என் கையைத் தட்டிட்டு அப்புறம் தட்டுங்க என்றாராம். தள்ளிப் போ என்றதற்கும் போகவில்லை. போட்டோக்காரர் வந்தபோதும் அப்படியே நின்றார். அதனால்தான் அவர் போலீஸ் பக்கம் இல்லாமல் பெண்கள் வரிசையில் இருக்கிறார்.

அந்த வரிசையில் ஏன் நின்றீர்கள் என்று கேட்டதற்கு என்னிடம் தில்லையம்மாள் சொல்லியிருந்தது வேறு. அவளுக்குத் தலை சுற்றியது, தாங்கிப் பிடித்துக்கொண்டேன் என்று மட்டும்தான்.

"கடைசியா அந்தம்மா ஒண்ணு சொன்னாங்க, சார்," என்றார் பவானி. "அந்தப் புள்ளதான் இன்னிக்கி எனக்குச் சோறு போடுறான். உங்கம்மாவ நம்பும்மான்னாங்க."

அவர் அழுதார். நான் விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு மேஜையிலிருந்து புது அட்டையை எடுத்தேன். எழுத்தில் சாட்சி இல்லாவிட்டால் என்ன, ஒரு டீச்சர் சொல்கிறார், நான் கேட்டேன், போதும். 'சாராயம் கடத்திப் பிடிபட்ட பெண்கள் மூவர், அவர்களைச் சோதனையிட்ட தில்லையம்மாள் (இடமிருந்து இரண்டாவது)' என்று எழுதி முடித்தேன். மாட்டும்போது அவர் பக்கத்தில் இருக்க வேண்டும், மறுநாள் அழைத்து வாருங்கள் என்றேன். சர்வீஸில் நான் சந்தோஷமாக எழுதியவை கொஞ்சம். அதில் இது ஒன்று.

மறுநாள் இருவரும் வந்தார்கள். தில்லையம்மாள் நல்ல புடவை கட்டி, தலையில் பூ வைத்திருந்தார். மகளும் தாயும் முன்பே பேசி முடித்திருந்தார்கள் என்பது நடையிலேயே தெரிந்தது. புது அட்டையை நீட்டினேன். கண்ணாடி கொண்டு வராததால் மகளைப் படிக்கச் சொன்னார். இரண்டு தடவை படிக்கச் சொன்னார். தன் பெயர் வரும் இடத்தில் விரலை வைத்துப் பார்த்தார். பிறகு அட்டையை என்னிடமே திருப்பிக் கொடுத்தார்.

"பழசே இருக்கட்டும் ஏட்டய்யா."

எனக்குக் கோபமே வந்துவிட்டது. திட்டக்குடி வரைக்கும் நொண்டிக்கொண்டு போனவன் நான். ஏன் என்று கேட்டேன்.

"அவ பேத்தி காலேஜி படிக்குது. என்னைக்காவது இங்க வந்து பாத்துட்டு, ஆயா இது நீதானேன்னு கேக்கும். நாலு பேருன்னு இருந்தா, போர்டு தப்பு, நான் சோதன போட்டவடீன்னு அவ சொல்லிக்கலாம். என் பேரப் போட்டுட்டா அவ என்னா சொல்லுவா?"

பவானி ஏதோ சொல்ல வாயெடுத்தார். தில்லையம்மாள் மகளைப் பார்த்து, உனக்குத்தான் தெரிஞ்சிடுச்சே என்றார். டீச்சர் தலையாட்டினார்.

2012 மே மாதம் நான் ஓய்வு பெற்றேன். தானே புயலில் ஓடு பறந்து பாதிச் சாமான்கள் நனைந்துபோனாலும் அந்தப் படம் பிழைத்திருந்தது. பொறுப்பை வாங்கிக்கொண்ட ஏட்டு கெட்டிக்காரர். ஒவ்வொரு அட்டையையும் பதிவேட்டோடு ஒத்துப் பார்த்தார். உள் அறைப் படத்துக்கு வந்தபோது, நாலு பேரில் ஒருத்தி மட்டும் இன்னொருத்தியின் வயிற்றில் கை வைத்திருக்கிறாளே, விவரத்தில் ஏதாவது திருத்தம் உண்டா என்று கேட்டார். இல்லை, எல்லாம் சரி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.