குறைவாய்ச் சொன்ன கூலி

யுத்தம் முடிந்த மறு வருஷம் எங்கள் லாரிக்கு இன்ஜின் மாற்ற வேண்டி வந்தது. எங்கள் லாரி என்று சொல்வது பழக்கத்தில்தான். அதை வாங்கி ஓட்டியவர் என் கணவர். அவர் போய் ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. சந்தவாசலில் எங்கள் வீட்டை ஒட்டிய காலி மனையில், மலையைப் பார்த்தபடி அது நின்றது.

பெட்ரோல் கிடைக்காத காலத்தில் பல பேரைப் போல அவரும் வண்டியில் கரியடுப்பு வைத்துக்கொண்டார். ஆள் உயர இரும்பு உருளை. அதில் அடுப்புக்கரி எரிந்து வரும் வாயு, குழாய் வழியே இன்ஜினுக்குப் போகும். காலையில் அடுப்பைப் பற்றவைக்க ஒரு கைவிசிறியைச் சுற்ற வேண்டும். ஊளையிடுவது போல அது சத்தம் போடும்.

ஜவ்வாது மலையிலிருந்து கரி ஏற்றிக்கொண்டு போளூர் ரயிலடிக்கு வரும் வழியில் ஒரு நாள் மழை பிடித்துக்கொண்டது. பாதை சேறானதால் வண்டியை ஓரம் கட்டினார். மறுபடி பற்றவைக்கச் சங்கடப்பட்டு அடுப்பை அணைக்காமல், இரண்டு பக்கப் படுதாவையும் இறக்கிவிட்டு உட்கார்ந்திருந்தார். மழை விட்டபின் அந்த வழியாக வந்த மலைக்காரர்கள் அவர் தூங்குவதாகத்தான் நினைத்தார்களாம்.

மாட்டு வண்டியில் கொண்டுவந்து இறக்கியபோது அவர் கன்னங்கள் சிவந்திருந்தன. அவ்வளவு நிறமாக அவரை நான் பார்த்ததே இல்லை. "உசுரு இருக்குது, தொடாதீங்க" என்று நான் கத்தினேன். கரிவாயு ஏறி இறந்தவர் முகம் இப்படித்தான் சிவக்கும் என்று கம்பவுண்டர் வந்து பார்த்துச் சொல்லியும் நம்பவில்லை. பங்குச் சாமியார் வந்து கையைப் பிடித்து விலக்கும்வரை அவர் முகத்துக்கு விசிறிக்கொண்டே இருந்தேன். கல்லறைக்குக் கொண்டுபோன பிறகும், அவசரப்பட்டுவிட்டோமோ என்ற எண்ணம் என்னை விடவில்லை.

அதன்பின் என் அண்ணன் ஒரு டிரைவரைப் போட்டு வண்டியை ஓட்டிப் பார்த்தார். கரித்தூள் ஏற்கெனவே இன்ஜினைத் தின்றிருந்தது. சில நடையிலேயே அது இறுகி நின்றுவிட்டது. வண்டியை மனைக்கு இழுத்து வந்தார்கள். விடியற்காலையில் சில சமயம் அந்தக் கைவிசிறி ஊளையிடும் சத்தம் எனக்குக் கேட்கும். எழுந்து போய்ப் பார்ப்பேன். உருளைமேல் பனி இறங்கியிருக்கும். கை வைத்தால் சில்லென்றுதான் இருக்கும். கை வைத்துப் பார்க்காமலும் இருக்க முடியாது.

செங்கத்துக்காரர் ஒருவர், ஓடும் நிலையில் கொடுத்தால் வண்டியை எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். அண்ணன் ராணுவ ஏலத்தில் ஒரு பெட்ரோல் இன்ஜின் பிடித்து வந்தார். மாற்றிப் பொருத்தும் கூலிதான் பாக்கி. வேலூர் பட்டறைக்காரர் வந்து பார்த்துச் சொன்ன தொகை நாங்கள் நினைத்ததைவிட மிக அதிகம். போளூர் பட்டறை மேஸ்திரி அதில் பாதிகூடச் சொல்லவில்லை. அவர் என் கணவரோடு பழகியவர், என்னை அண்ணி என்று கூப்பிடுகிறவர்.

"இதுல யோசிக்க இன்னா இருக்குது? போளூர்காரர்கிட்டயே வுட்டுடும்மா" என்றார் அண்ணன்.

எனக்கு ஒப்பவில்லை. வேலூர்காரரை மறுபடி வரவழைத்து, அப்படி என்னதான் வேலை என்று கேட்டேன். அவர் கோபித்துக்கொள்ளாமல் வண்டியைச் சுற்றி வந்தபடி சொன்னார். "பழசு ஒரு கம்பெனி, புதுசு வேற கம்பெனிங்க. பழசு உட்கார்ற எடம் புதுசுக்கு ஒத்துவராது. கொல்லன வச்சி புதுசா தாங்கி அடிக்கணும். கியர் பாக்ஸக் கழட்டணும். செயின் போட்டுத் தூக்க ஆளுங்க வேணும். அடுப்பு, பைப்பு எல்லாத்தையும் பிரிக்கணும். ஓட்டிப் பாத்து, திரும்ப ஒருவாட்டி எறக்க வேண்டி வந்தாலும் வரும்."

கரி ஏற்றும் ஆட்களுக்குக் கூலி கொடுத்துப் பழகியவள் நான். கொல்லன் கூலி, ஆள் கூலி, செயின் வாடகை என்று கூட்டிப் பார்த்தால், போளூர் மேஸ்திரி சொன்ன தொகை அதற்கே சரியாய்ப் போனது. அவருக்கென்று எதுவும் மிஞ்சாது. வேலூர்காரர் அநியாயமாகக் கேட்கவில்லை. அப்படியானால் இவர் ஏன் சும்மா செய்கிறார்? ஏலத்தில் வாங்கிய நல்ல இன்ஜினை எடுத்துக்கொண்டு வேறு எதையாவது மாட்டிவிடுவாரோ என்று சந்தேகப்பட்டேன். பஸ் பிடித்துப் போளூருக்குப் போனேன்.

"இன்னா அண்ணி, சொல்லி அனுப்பியிருந்தா நானே வந்திருப்பேனே" என்று எழுந்து நின்றார் மேஸ்திரி.

"நீங்க சொன்ன கூலி எப்படிங்க கட்டுப்படியாவும்? ஆளுங்களுக்கும் கொல்லனுக்கும் குடுத்தா உங்களுக்கு இன்னா மிச்சம்?"

"நமக்குள்ள இன்னாங்க கணக்கு."

"கணக்கு இருக்கட்டும். காரணத்தச் சொல்லுங்க."

துணியில் கையைத் துடைத்தார். துடைத்த கையையே திரும்பத் திரும்பத் துடைத்தார்.

"அந்தக் கரியடுப்ப வச்சவன் நானு. சீட்டுக்கு அடியில பைப்பு சேர்ற எடத்துல வாயு கசியாம அடைக்க நல்ல பேக்கிங் கெடைக்கல அண்ணி. கயிறச் சுத்தி களிமண்ணு பூசி வச்சேன். அடுத்த வாரம் வாங்க, மாத்திடறேன்னு உங்க வூட்டுக்காரர்கிட்ட சொன்னேன். அவரு வரல. நானும் தேடிப் போவல."

அதுவரை மழையைத் திட்டியிருக்கிறேன். யுத்தத்தைத் திட்டியிருக்கிறேன். இப்போது எதிரில் ஒரு ஆள் நிற்கிறார். கோபம் வரும் என்று காத்திருந்தேன். வந்தது வேறு. என் கணவருக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்தேதான் தினமும் அந்த சீட்டில் உட்கார்ந்திருக்கிறார். வீட்டில் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

"வேலூர்காரர் சொன்னத நீங்க வாங்கிக்கணும்" என்றேன்.

"வேணாம் அண்ணி. என்னால அத வாங்க முடியாது."

"கூலியக் கொறச்சீங்கன்னா அது அவரு உசுருக்குப் போட்ட வெலயாயிடும். எனக்கு அது வேணாம். வேலைக்கு உண்டான கூலிய வாங்கிட்டு வேலைய செய்யுங்க."

வந்து செய்தார். சீட்டைக் கழற்றிய அன்று என்னைக் கூப்பிட்டு, "பாக்கறீங்களா?" என்றார். குழாயைச் சுற்றியிருந்த களிமண்ணில் மயிரிழை போல ஒரு வெடிப்பு. அதன் ஓரம் கறுத்திருந்தது. நான் பெரிதாக ஏதோ இருக்கும் என்று நினைத்திருந்தேன். விரலால் தொட்டதும் மண் உதிர்ந்தது.

இன்ஜின் நன்றாக ஓடியது. முழுக் கூலியையும் எண்ணிக் கொடுத்தேன். தலை குனிந்தபடி வாங்கிக்கொண்டார். நான் வற்புறுத்திக் கொடுத்ததுதான். ஆனாலும் அவர் வாங்கிக்கொண்டபோது எனக்குள் ஏதோ அறுந்தது. மறுப்பார் என்று எதிர்பார்த்திருக்கிறேன் போலும். வண்டி செங்கத்துக்குப் போயிற்று. காலி மனையில் எண்ணெய்க் கறை மட்டும் நெடுநாள் இருந்தது.

சில வருஷம் கழித்துப் போளூர் ரயிலடியில் அவரைப் பார்த்தேன். என் மூட்டையை வாங்கிப் பெட்டியில் ஏற்றினார். பிள்ளைகள் என்ன படிக்கிறார்கள் என்று கேட்டார். ரயில் நகர்ந்தபோது ஜன்னலைப் பிடித்தபடி கூடவே நடந்து வந்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மகளின் பின்னலைச் சரிசெய்யத் திரும்பிக்கொண்டேன். பின்னல் சரியாகத்தான் இருந்தது.